பாதியில் நின்ற மருந்து

(பண்டத்தரிப்பில் நடந்த எமது சங்கத்தின் தொழிலாளர் கல்வி வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. வரமுடியாத அங்கத்தவர்களுக்காகவும் அவர்களது குடும்பத்தாருக்காகவும் இங்கே தரப்படுகிறது.)



மலையிலிருந்து இராப்பயணம் செய்து வந்தவர்கள் பாதிப்பேர். 1977 இலும் 1983 இலும் மலையை விட்டு வந்து வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேர் பிடித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் மீதிப்பேர். பஸ்ஸில் தூங்காதவர்கள் இங்கே தூங்கினால் நான் கோபிக்க மாட்டேன். வகுப்பில் அப்படித்தான் பழக்கம்.

சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் காலையில் தலைவர் பேசினார். என்னை நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காசநோயைப் பற்றி, அதிலும் குறிப்பாக, மருந்துக்கு அடங்காத காசநோயைப் பற்றி. சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று ஒரு அண்ணன் வாசலில் வைத்துக் கேட்டார். நான் பேசி முடிக்கும்போது அவருக்கே விளங்கும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டு. 1820 ஆம் ஆண்டு ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் இந்தப் பண்டத்தரிப்பில் வந்து குடியிருந்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1836 இல் இங்கிருந்து சென்னைக்குப் போனார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். ஆனால் தாத்தா ஸ்கடரிடம் ஒருவர் இருமிக்கொண்டு, இரத்தம் துப்பிக்கொண்டு வந்திருந்தால் அவரால் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் முடியாது. அந்த நோய் எதனால் வருகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1882 மார்ச் 24 ஆம் திகதிதான் ஜெர்மனியில் ரொபேர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் வருடாவருடம் அந்தத் திகதியில் ஆஸ்பத்திரிகளில் காசநோய் தினப் பதாகை கட்டுகிறார்கள்.

கிருமி தெரிந்தும் மருந்து வர இன்னும் அறுபது வருடம் ஆனது. அந்த அறுபது வருடமும் பணக்காரர்கள் மலைக்காற்று வாங்கச் சனட்டோரியத்துக்குப் போனார்கள். ஏழைகள் வீட்டில் கிடந்து செத்தார்கள். மலைக்காற்றே மருந்தென்றால் நம்முடைய லயங்களில் ஒருவருக்கும் இந்த நோய் வந்திருக்கக் கூடாது.

1943 இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை எடுத்தார்கள். இந்த மருந்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்தில் அந்த மருந்து கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்கப் போதாது. அதனால் கடுமையான காசநோய் உள்ள 107 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்குவது போல, யாருடைய விருப்பமும் இல்லாமல் இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின். மற்ற 52 பேருக்கு அந்தக் காலத்து வழக்கப்படி படுக்கையில் ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 4 பேர் மட்டும். 1948 இல் இந்த முடிவு வெளிவந்தது. உலகமே கொண்டாடியது.

ஆனால் அதே ஆட்களை ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 35 பேர் போய்விட்டார்கள். மருந்து எடுத்த 55 பேரில்? 32 பேர். தப்பினார்கள் என்று நினைத்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள்.

ஏன்? மருந்து கெட்டுப்போகவில்லை. கிருமி மாறிவிட்டது.

இங்கே நம்மவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டும். "உடம்புக்கு மருந்து பழகிப் போச்சு, அதான் கேக்கல" என்று சொல்வோம். உடம்பு பழகுவதில்லை. உடம்புக்குள்ளே இருக்கும் கிருமிதான் வேறாகிவிடுகிறது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், உடம்பு பழகியிருந்தால் அது அந்த ஒருவரோடு போய்விடும். கிருமி மாறியிருந்தால், அவர் இருமும்போது அந்த மாறிய கிருமியே பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். வாழ்நாளில் ஒரு மாத்திரையும் போடாத பிள்ளைக்கு, முதல் நாளே மருந்து கேட்காத நோய் வரும்.

எப்படி மாறுகிறது? கணக்காகப் பார்ப்போம். நான் கணக்கு டீச்சர் இல்லை, ஆனாலும் இது எளிய கணக்குத்தான். நெஞ்சுக்குள்ளே நோய் அரித்து ஒரு குழி விழுந்திருந்தால், அதற்குள் பத்துக் கோடிக் கிருமி இருக்கலாம். கிருமி பெருகும்போது ஒவ்வொன்றும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. இலட்சக்கணக்கில் நகல் எடுக்கும்போது எங்கோ ஒன்றில் எழுத்துப் பிழை வரும். அப்படி வந்த பிழைகளில் ஒன்று, தற்செயலாக, ஒரு மருந்துக்குத் தப்பும் பிழையாக இருக்கும். ஐசோனியசிட் என்ற மருந்துக்குத் தப்பக்கூடியது ஏறக்குறையப் பத்து இலட்சத்தில் ஒன்று. பத்துக் கோடியில் அப்படி எத்தனை இருக்கும்? நூறு. மருந்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அந்த நூறும் அங்கே இருக்கின்றன.

இப்போது அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும்? பத்துக் கோடியும் சாகும். இருமல் குறையும், காய்ச்சல் நிற்கும், சாப்பாடு இறங்கும், ஆள் தெளிவார். அந்த நூறு மட்டும் சாகாது. இடம் காலியாகிவிட்டது, போட்டிக்கு ஆளில்லை. மெல்ல மெல்லப் பெருகும். இந்தக் கிருமி சோம்பேறி. வேறு கிருமிகள் அரை மணித்தியாலத்தில் இரண்டாகும்போது இது ஒன்று இரண்டாவதற்கு ஒரு நாள் போல எடுக்கும். அதனால்தான் சில மாதங்கள் நல்ல சுகம்போலத் தெரிந்து, பிறகு நோய் திரும்புகிறது. திரும்பி வருவது பழைய நோய் இல்லை. அந்த நூறின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1948 இல் நடந்தது இதுதான்.

இதற்குப் பரிகாரம் என்ன? இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுப்பது. ரிபாம்பிசின் என்ற மருந்துக்குத் தப்பக்கூடியது பத்துக் கோடியில் ஒன்று போல. இரண்டு மருந்துக்கும் சேர்த்துத் தப்பக்கூடிய கிருமி வேண்டுமென்றால், கோடியைக் கோடியால் பெருக்கி வரும் எண்ணிக்கையில் ஒன்று. அவ்வளவு கிருமி ஒரு மனித உடம்பில் இருக்காது. ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்ற மருந்து பிடித்துவிடும். இன்றைக்கு நமது கிளினிக்குகளில் கொடுப்பது நான்கு மருந்து: ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட், எதம்பியூட்டோல். இரண்டு மாதம் நான்கும், பிறகு நான்கு மாதம் முதல் இரண்டும். மொத்தம் ஆறு மாதம். இப்போது எல்லாவற்றையும் ஒரே மாத்திரைக்குள் சேர்த்துச் செய்கிறார்கள். ஒன்றை விழுங்கி இன்னொன்றை யன்னலுக்கு வெளியே எறிய வழி இல்லாமல் போனது நல்லது.

ஆறு மாதம் எதற்கு, நான்தான் இரண்டு மாதத்தில் சுகமாகிவிட்டேனே என்று கேட்பவர்களுக்கு: மருந்து வேலை செய்வது பெருகிக்கொண்டிருக்கும் கிருமியில்தான் அதிகம். சில கிருமி பெருகாமல் ஒடுங்கிக் கிடக்கும். அது விழிக்கும்போது மருந்து அங்கே காவலுக்கு நிற்கவேண்டும். வேலைநிறுத்தத்தில் துரைமார் பேசக் கூப்பிட்ட முதல் நாளே நாம் மலைக்கு ஏறினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனிச் சென்னைக்குப் போவோம். 1956 இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து ஒரு நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் பொக்ஸ் என்ற வைத்தியர் பொறுப்பாக வந்தார். அவர்களுக்கு இருந்த கேள்வி இது. இலட்சக்கணக்கில் நோயாளிகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில் கொஞ்சம்தான். ஏழையை அவன் வீட்டிலேயே வைத்துக் குணமாக்க முடியுமா? சென்னை நகரத்தின் நெருக்கமான, ஏழ்மையான பகுதிகளில் வாழ்ந்த 193 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியாரைச் சனட்டோரியத்தில் சேர்த்தார்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, தாதிமார். மற்றப் பகுதியார் வீட்டிலேயே. அதே சிறிய அறை, அதே குறைந்த சாப்பாடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. இரண்டு பகுதியாருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

முடிவு 1959 இல் வந்தது. சனட்டோரியத்தில் 92 வீதமானவர்கள் தேறினார்கள். வீட்டில் இருந்தவர்களில் 86 வீதம். கட்டில் இல்லாமல், பால் முட்டை இல்லாமல், ஓய்வு இல்லாமல் 86 வீதம்! வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றியதா என்றும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இல்லை. ஏனென்றால் தொற்று நடப்பது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பு. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் தொற்றும் வேகம் விரைவாகக் குறைந்துவிடும்.

உலகம் முழுவதும் சனட்டோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் குடிசை வீடுகளில் இருந்த தமிழர்களும் ஒரு பெரிய காரணம். அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. நோயாளி மருந்தை உண்மையாகவே குடிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். பொக்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டுகொண்டது: படித்தவர், படிக்காதவர், நல்லவர், பொறுப்பில்லாதவர் என்று பார்த்து இவர் மருந்தை விடுவார், இவர் விடமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுகம் தெரியத் தொடங்கினால் யாரும் விடுவார்கள். அதிலிருந்துதான் மருந்தை ஒருவர் முன்னால் குடிக்கச் செய்யும் முறை வளர்ந்து, பிறகு உலகமெங்கும் பரவியது. இன்றைக்கு நம்முடைய தோட்டங்களிலும் அதே முறைதான். "நம்மளக் களவெடுக்கிற ஆள் மாதிரி நிப்பாட்டி வச்சுக் குடிக்கச் சொல்றாங்க" என்று ஒரு அக்கா என்னிடம் குறைப்பட்டார். நியாயமான கோபம். செய்கிற விதத்தில் மரியாதை வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். செய்வதே தவறு என்று சொல்லக்கூடாது.

சரியாகச் செய்யாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஒரு இடமே சாட்சி. பம்பாயில் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன தமிழர்கள் தலைமுறையாக இருக்கும் சேரி. அங்கே தனியார் டொக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று ஒரு ஆய்வில் கேட்டார்கள். 2010 இல் வெளிவந்தது. 106 டொக்டர்கள், 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். நூற்றுக்கு நூறு என்று நோயாளி நம்பிக் காசு கொடுக்கிறார். ஒரு மருந்து குறைகிறது, அளவு குறைகிறது, காசு தீர்ந்ததும் மருந்தும் நிற்கிறது. அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான டொக்டர் சரீர் உத்வாடியா, பம்பாய் ஹிந்துஜா ஆஸ்பத்திரியில், சோதித்துப் பார்த்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் உள்ளவர்களைப் பற்றி 2012 ஆரம்பத்தில் உலகுக்குத் தெரிவித்தார். அரசாங்கம் முதலில் அந்தப் பெயரைத்தான் ஆட்சேபித்தது. நோயை ஆட்சேபிக்க முடியவில்லை.

தென்னாபிரிக்காவில் டுகேலா பெரி என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் அதற்கும் முன்பே, 2005, 2006 இல், இப்படிப்பட்ட கடும் நோயுடன் 53 பேரைக் கண்டார்கள். 52 பேர் இறந்தார்கள். சோதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. அதிலே மிகக் கவலையான விஷயம், அவர்களில் பாதிப்பேர் முன்பு காசநோய் மருந்தே எடுத்தவர்கள் இல்லை. வேறொருவரிடம் மாறிய கிருமி நேராக அவர்களிடம் வந்திருந்தது.

மருந்துக்கு அடங்காத நோய்க்குச் சிகிச்சையே இல்லையா? உண்டு. ஆனால் முன்பு அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒன்றரை வருடம், இரண்டு வருடம். ஆயிரக்கணக்கான மாத்திரை. பல மாதங்கள் நாள்தோறும் ஊசி. அந்த ஊசி மருந்து காதைக் கெடுக்கும். பம்பாயைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் என்ற பத்திரிகையாளர் அந்த மருந்தால் செவிப்புலனை இழந்தார். தென்னாபிரிக்காவின் பும்சா டிசிலே என்ற பெண்ணும் அப்படியே. இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்ததை நம் மாதர் சங்கத் தோழிகள் கவனிக்கவேண்டும். பெடாகுவிலின் என்று ஒரு புதிய மாத்திரை 2012 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி இல்லாமல் குணமாக்க உதவுவது. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி அதற்கு உரிமம் வைத்திருந்தது. அந்த உரிமம் முடியப் போகும் காலத்தில் சிறிய மாற்றம் ஒன்றைக் காட்டி இன்னும் நான்கு வருடம் நீட்டிக்கக் கேட்டது. நந்திதாவும் பும்சாவும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபனை போட்டார்கள். 2023 மார்ச்சில் கம்பனியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் வேறு கம்பனிகளும் அந்த மருந்தைச் செய்ய வழி திறந்தது, விலை இறங்கியது. காது கேட்காத இரண்டு பெண்கள் ஒரு பெரிய கம்பனிக்கு எதிராகப் பெட்டிசன் போட்டு வென்ற கதை இது. தொழிற்சங்கக்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

இப்போது உலக சுகாதார நிறுவனம் பெடாகுவிலினோடு இன்னும் மூன்று மருந்து சேர்த்து ஆறு மாதத்தில் முடியும் முறையைப் பரிந்துரைக்கிறது. 2022 இலிருந்து. நல்ல செய்திதான். ஆனால் அந்த நான்கில் ஒன்று மொக்சிபுளோக்சசின். அதன் அண்ணன் தம்பி மருந்துகளைத்தான் டவுன் பார்மசியில் "இருமலுக்கு நல்ல அன்டிபயோட்டிக்" என்று துண்டு இல்லாமல் இரண்டு நாளைக்கு வாங்குகிறோம். காசநோய் இருப்பது தெரியாமல் அதைக் குடித்தால் இருமல் கொஞ்சம் அடங்கும், நோய் கண்டுபிடிபடப் பிந்தும், கடைசியில் கையிலிருக்கும் நல்ல ஆயுதமும் மழுங்கும். பார்மசியில் கைநீட்டி அன்டிபயோட்டிக் வாங்குவதை விடுங்கள்.

நம் நாட்டு நிலைமையைச் சொல்லாமல் பயமுறுத்தக்கூடாது. இலங்கையில் வருடத்துக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் பேர் அளவில் காசநோயாளராகப் பதிவாகிறார்கள். மருந்துக்கு அடங்காத நோய் இன்னும் சில பத்துப்பேர் என்ற அளவில்தான். இந்தியாவோடு ஒப்பிட்டால் நாம் நல்ல இடத்தில் இருக்கிறோம். மருந்து இலவசம், சளிப் பரிசோதனை இலவசம், மாவட்டந்தோறும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், வெலிசறையில் பெரிய ஆஸ்பத்திரி. ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற கருவியில் சளியை வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் கிருமி இருக்கிறதா, அது ரிபாம்பிசினுக்குத் தப்பியதா என்று இரண்டும் சேர்த்துச் சொல்லிவிடும். முன்பு கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நல்ல நிலைமையைக் கட்டிக் காத்தவர்கள் அரசாங்க வைத்தியசாலை ஊழியர்கள். இலவச வைத்தியத்தில் கை வைக்கப் பார்க்கும் யாரையும் நாம் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இலவச மருந்து கொழுந்து பறிப்பவரின் கைக்கு எந்த விலையில் வருகிறது?

என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் அப்பா. பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்தார். உடம்பு தேறியது. அதற்குப் பிறகும் கிளினிக்குக்குப் போக ஒரு முழுநாள் வேண்டும். விடிய முன் நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பி வரப் பொழுது சாயும். அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. ஒரு நாள் காலையில் போய்விட்டு மத்தியானம் வேலைக்கு வந்ததற்கு அரைப் பேர் கூடப் போடவில்லை. இரண்டு மாதம் போனார், மூன்றாம் மாதம் விட்டார். "ஆளு நல்லாத்தானே இருக்காரு டீச்சர்" என்று அந்த அம்மா சொன்னார். வருடம் திரும்பமுன் இருமல் திரும்பியது. அவருடைய அதிர்ஷ்டம், கிருமி இன்னும் மருந்துக்கு அடங்கியதாக இருந்தது. மறுபடியும் ஆறு மாதம் எடுத்துச் சுகமானார். இதற்குள் அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டுக் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். காசநோய் அவனுக்குத் தொற்றவில்லை. ஆனாலும் அவனைத்தான் அது கொண்டு போனது.

அந்த மனிதர் மருந்தைப் பாதியில் விட்டார் என்று கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும். ஒரு நாள் பேரா மருந்தா என்று தெரிவு செய்ய வைத்தது யார் என்று எழுத அந்த அட்டையில் இடமில்லை. அதை எழுதும் இடம் சங்கத்தின் கோரிக்கைப் பத்திரம்.

சென்னை ஆய்வில் சாப்பாடு குறைந்தவர்களும் குணமானார்கள் என்று சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா சாப்பாடு முக்கியமில்லை என்று யாராவது துரை சொல்லக்கூடும். அதற்குப் பதில் அதே சென்னை நிலையத்திடமே இருக்கிறது. சேத்துப்பட்டில் இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் வழியாக ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஒரு ஆய்வு நடந்து 2023 இல் வெளிவந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டு போனது அந்தச் சோட்டா நாகபுரிப் பக்கத்திலிருந்துதான். அவர்கள் நமக்கு உறவுமுறை மாதிரி. அங்கே 2,800 நோயாளிகள், அவர்களோடு வாழ்ந்த 10,000 இற்கு மேற்பட்ட குடும்பத்தார். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பொதி. குடும்பத்தாரில் ஒரு பகுதியாருக்கும், ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரையும். வேறு ஒன்றும் இல்லை. அரிசியும் பருப்பும் கிடைத்த வீடுகளில் புதிதாக நோய் வந்தது மற்ற வீடுகளை விட 39 வீதம் குறைவு. தொற்றக்கூடிய வகையை மட்டும் எடுத்தால் 48 வீதம் குறைவு.

மருந்து வந்த நோயைத் தீர்க்கும். பக்கத்தில் இருப்பவருக்கு வராமல் தடுக்கப் பருப்பு வேண்டும். காலையில் ரொட்டியும் சாயத் தண்ணியும், மத்தியானம் ரொட்டியும் சம்பலும் என்றால் உடம்பு எதைக் கொண்டு கிருமியை அடக்கும்? ஆகவே சம்பளத்தைப் பற்றித் தலைவர் காலையில் பேசியதும் காசநோயைப் பற்றித்தான். வாசலில் கேட்ட அண்ணனுக்கு இது.

லயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருமி காற்றில் தங்கும். யன்னல் இல்லாத பத்துக்குப் பன்னிரண்டு காம்பறாவில், அடுப்புப் புகையோடு, ஆறு ஏழு பேர் கதவைச் சாத்திப் படுத்தால் அது ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எடுப்பது. வெயிலும் காற்றோட்டமும் இந்தக் கிருமிக்குப் பகை. வீடு கட்டித் தாருங்கள் என்று கேட்கும்போது எதிரெதிரே இரண்டு யன்னல் என்பதையும் வரைபடத்தில் கேளுங்கள்.

கமிட்டி இப்போது கேட்கத் தீர்மானித்திருப்பவற்றை வரிசையாக வாசித்து உங்களைக் களைப்பாக்க மாட்டேன். முக்கியமானது, கிளினிக் நாளுக்கு அட்டையைக் காட்டினால் முழுப்பேர். அடுத்தது, ஆறு மாதமும் மருந்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலோ பிள்ளைக் காம்பறாவிலோ வைத்துக் கொடுக்க ஒழுங்கு. வேலைக்கு ஏறும் வழியில் இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகலாம். நோய் வந்தவரைக் கஷ்டமில்லாத வேலைக்கு மாற்றவேண்டும், பேர் வெட்டக்கூடாது. இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. கொடுக்க மறுத்தால் அதைப் பற்றி மாவட்டச் சுகாதாரப் பணிமனைக்கும் எழுதுவோம்.

இனி வீட்டில் ஞாபகம் வைக்க வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. கூடவே பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். மருந்து தொடங்கியதும் சிறுநீர் சிவப்பு, செம்மஞ்சளாகப் போகும். அது ரிபாம்பிசினின் சாயம். இரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காமல் வந்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள், ரிபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும். சாராயம் இந்த ஆறு மாதமும் கூடவே கூடாது. இந்த மருந்தும் ஈரலில்தான் வேலை வைக்கிறது, சாராயமும் அங்கேதான். அண்ணன்மார் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் அண்ணிமார் சிரிக்கவில்லை.

பிறந்ததும் கையில் போடும் பீ.சீ.ஜீ. ஊசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காக்கும். பெரியவர்களின் நெஞ்சுக்கு அதை நம்பியிருக்க முடியாது. வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உடனே காட்டவேண்டும். நோய் இல்லாவிட்டாலும் வராமலிருக்க மருந்து கொடுப்பார்கள்.

கடைசியாக, தேத்தண்ணி நேரத்தில் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். மருமகளுக்கு மருந்து நடக்கிறது, இது மூன்றாம் மாதம், அவளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான் வைத்திருக்கிறோம், அது போதுமா என்று. அந்த அம்மாவிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். கோப்பையால், பீங்கானால், பாயால் இந்த நோய் பரவாது. மூன்று மாதம் ஒழுங்காக மருந்து எடுத்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்த மருமகளால் உங்களுக்குப் பயம் இல்லை. தனிக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு வையுங்கள். அவளுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். அடுத்த கிளினிக் எந்தத் திகதி என்று அட்டையைப் பார்த்துத் தோட்டத் தலைவரிடம் சொல்லி வையுங்கள், அன்றைய பேருக்கு நாங்கள் கணக்கப்பிள்ளையோடு பேசுகிறோம்.